நங்கூரத்தார் கார் வாங்கிய கதை

உலகத்திலுள்ள பிடிவாதக்காரர் எல்லாரையும் ஒரு வள்ளத்தில் ஏற்றிக் கடலில் விட்டால், அந்த வள்ளத்தை அசையாமல் நிறுத்தி வைக்க எங்கள் குருநகர் நங்கூரத்தார் ஒருவர் போதும். மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்காதீர்கள். குறைத்துத்தான் சொல்கிறேன். அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரன் நான், அனுபவித்தவன்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, அதற்கு மேல் அந்தப் பெயருக்கு வேலை இல்லை. நங்கூரம் என்ற பெயர் ஒரு கூட்டத்தில் வந்தது. தேவாலயத்து ஒலிபெருக்கிகளில் ஒன்றைக் கடல் பக்கம் திருப்ப வேண்டும், கடல் தொழிலுக்குப் போனவர்களுக்கும் பூசை கேட்க வேண்டும் என்றார். சபையார் மறுத்தார்கள். கூட்டம் முடிந்தது, தேநீர் முடிந்தது, கதிரைகளை அடுக்கினார்கள். ஒரு கதிரையை மட்டும் அடுக்க முடியவில்லை, அதில் அவர் இருந்தார். கதவைப் பூட்டத் திறப்போடு காத்திருந்தவர் வாசலில் நின்று கொட்டாவி விட்டார், பிறகு கெஞ்சினார், கடைசியில் அவரே ஏணி எடுத்து வந்து ஒலிபெருக்கியைத் திருப்பினார். இன்றைக்கும் அது கடலைப் பார்த்தபடிதான் நிற்கிறது.

பிடிவாதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மனிதர் காரணம் சொல்ல மாட்டார். அதுதான் பெரிய வில்லங்கம்.

அவருடைய ஒரே மகள் ஜெசிந்தாவுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் இல்லை, முல்லைத்தீவுக்கு அங்கால், காட்டோரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில். புதிதாக வேலைக்கு வருபவர்கள் சில வருடங்கள் இப்படிக் கஷ்டப் பிரதேசத்தில் இருந்தால்தான் ஊருக்கு இடமாற்றம் கேட்கலாம். ஜெசிந்தாவின் புருஷனுக்கு வெளிநாட்டுக் கப்பலில் வேலை. தாய் காலமாகிவிட்டாள். கையிலோ முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்த ஆண் குழந்தை. அந்தக் குழந்தை போத்தலைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்ளும். பிடிவாதம் யாருடைய இரத்தம் என்று கேட்கவே தேவையில்லை.

ஊர் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு யோசனை சொன்னது. வேலையை விடச் சொன்னார்கள் சிலர். பிள்ளையை இங்கே விட்டுவிட்டு அங்கே அறை எடுத்துத் தங்கச் சொன்னார்கள் சிலர். அவள் படித்த படிப்பும் அந்த நியமனத்துக்காகக் காத்திருந்த காலமும் எனக்குத் தெரியும். முற்றத்தில் நின்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் அழுததையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு காலையில் நங்கூரத்தார் என் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தம்பி, பிள்ளை வேலையும் விடமாட்டாள், பேரன் பாலும் விடமாட்டான். ஒவ்வொரு நாளும் போய் வாறதுதான். கார் ஒண்டு பாப்பம், வெளிக்கிடு."

ஏன் என்னை? என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. மாதத்தில் பாதி நாள் அது கராச்சில் நிற்கும். அடிக்கடி திருத்தக் கொடுப்பவனுக்குக் காரைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று அவர் நம்பினார். நானும் மறுக்கவில்லை. காரை ஓடப் போவது ஜெசிந்தா. அவளிடம் லைசன்ஸ் இருந்தது. இவருக்கு ஓடத் தெரிந்தது வள்ளம் மட்டும்.

"என்ன மாதிரிக் கார் அண்ணை?"

"கெதியாப் போகவேணும். பதிஞ்சு ஓடவேணும். வருசக்கணக்கா ஓடினாலும் களைக்கக் கூடாது. பின்கதவு மேலை தூக்குப்படவேணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணை, நீங்கள் சொல்லுறது பெடியள் பாட்டுப் போட்டுக்கொண்டு சீறிப்பாயிற ஸ்போர்ட்ஸ் ஹட்ச்பாக். தூர ஓட்டத்துக்கு உது சரிவராது. முதுகு முறிஞ்சு போம்."

"கடலிலை முறியாத முதுகு தார் றோட்டிலையோ முறியப்போகுது?"

உதிரிச் சாமான் எங்கும் கிடைக்கிற, பெற்றோலைக் கொஞ்சமாகக் குடிக்கிற, அடக்க ஒடுக்கமான கார் ஒன்றை எடுக்கச் சொல்லி நான் ஒரு பிரசங்கமே செய்தேன். முழுவதையும் கேட்டார். "வெளிக்கிடு" என்றார்.

முதலில் நல்லூர்ப் பக்கம், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் வீடு. உயரமான சின்னக் கார். அதிகாரி அதை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓடியவர். கார் தூசி படாமல் மினுங்கியது.

"ஒரு கான் எண்ணெய்க்கு எத்தினை மணித்தியாலம் ஓடும்?" என்று கேட்டார் நங்கூரத்தார்.

"மணித்தியாலமோ? கிலோமீற்றர்தானே கேக்கிறது?"

"கடலிலை ஆர் ஐயா கிலோமீற்றர் கட்டை நட்டது?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மாமரத்தைப் பார்த்தேன். அதற்குள் நங்கூரத்தார் பின்கதவைத் தூக்கி, டிக்கியின் விளிம்பில் ஏறி இருந்துவிட்டார். கால் இரண்டும் அந்தரத்தில் ஆடின. கீழே பார்த்தார். "கால் எட்டேல்லை" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். எஞ்சினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதிகாரி இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை.

அடுத்தது தொண்டைமானாற்றில் ஒரு வான் வண்டி. என் வற்புறுத்தலுக்காகத்தான் வந்தார். சோளகக் காற்று உக்கிரமாக அடிக்கும் காலம். பாலத்தின் நடுவில் வானை நிறுத்தச் சொல்லி இறங்கினார். பாலக்கட்டில் சாய்ந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, வான் காற்றுக்கு ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. பஸ்ஸுக்குப் பின்னால் வந்தவையும் அடித்தன. மனிதர் அசையவில்லை.

"உது காத்துக்குத் தலையாட்டுது. பள்ளிக்கூடத்துக்குப் போற வழியிலை, ஆனையிறவிலை, இதை விடக் காத்து. உதுக்கை ஆர் நித்திரை கொள்ளுறது?"

வான்காரர் கோபத்தில், "அண்ணை, வான் வேண்டுறது ஓடுறதுக்கு. படுக்கிறதுக்குக் கட்டில் வேண்டுங்கோ" என்றார். ஜெசிந்தா வேர்க்க வேர்க்க ஓட, இவர் பக்கத்தில் சுகமாகக் குறட்டை விடத் திட்டம் போடுகிறார் என்று நானும் நினைத்தேன். மனதுக்குள் கொஞ்சம் திட்டியும் கொண்டேன்.

இப்படியே குடாநாட்டில் பல கார்கள் கழிந்தன. ஜெசிந்தாவின் பிரசவ விடுமுறையும் கரைந்துகொண்டு வந்தது. அவள் என்னிடம், "மாமா, அப்பாவுக்கு ஒரு காரும் பிடிக்காட்டி நான் வேலை வேண்டாமெண்டு எழுதிக் குடுத்திடுவன்" என்றாள்.

அடுத்த நாள்தான் அந்தச் சிவப்புக் காரைக் கண்டோம். யாழ்ப்பாணம் டவுனில், கனடா போக நாள் குறித்திருந்த ஓர் இளைஞனுடையது. நிலத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் கறுப்புக் கோடு, பின்னால் செட்டை மாதிரி ஒன்று. ஸ்டார்ட் செய்தபோது வீட்டு நாய் கட்டிலுக்குக் கீழே ஓடியது. கனக்க ஓடிய கார். அதை இளைஞன் ஒளிக்கவில்லை.

நங்கூரத்தார் நேரே பின்னுக்குப் போனார். கதவைத் தூக்கினார், விளிம்பில் இருந்தார். இரண்டு பாதமும் நிலத்தில் பட்டன. அப்படியே இருந்தார். இளைஞனின் தாய் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, டிக்கிக்குள் சரிந்து படுத்து, தூக்கிய கதவை அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணை, டிக்கிக்கை ஒருத்தரும் இருக்கிறேல்லை" என்றான் இளைஞன்.

"எனக்குத் தெரியும்" என்றார் நங்கூரத்தார்.

ஓடிப் பார்க்க நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அவர் இடப்பக்கம் ஏறினார். வள்ளத்தில் எஞ்சின் இரைச்சலில் பேச்சுக் கேட்காது. முன்னால் நிற்பவர் கை காட்டுவார், பின்னால் இருப்பவர் அந்தப் பக்கம் திருப்புவார். அதே பழக்கம் இங்கேயும் வந்தது. அவர் கை போன பக்கம் நானும் திருப்பிக்கொண்டு போனேன். சந்தையடியில் அவர் இடக்கையை உயர்த்தி நீட்டினார். நான் இடப்பக்கம் திருப்பினேன். கார் ஒரு தேங்காய்க் கடை வாசலில் போய் நின்றது.

"ஏன் இஞ்சை வந்தனீ?"

"நீங்கள்தானே கை காட்டினியள்!"

"அது மச்சானைக் கண்டு காட்டினது."

தேங்காய்க் கடைக்காரரிடம் இரண்டு தேங்காய் வாங்கிச் சமாதானம் சொன்னோம். ஆனாலும் கார் பதிந்து, நேராக, ஆடாமல் ஓடியது. அதை நானும் ஒப்புக்கொண்டேன். அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

திரும்பி வந்ததும் நானும் இளைஞனும் உள்ளே போய்க் கதைத்துக்கொண்டிருந்தோம். வெளியே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், பொனட்டைத் திறந்து வைத்து, வீட்டுக் குழாயை உள்ளே விட்டு எஞ்சினைக் குளிப்பாட்டிக்கொண்டு நிற்கிறார் மனிதர்!

"என்ன வேலை அண்ணை செய்யிறியள்!" இளைஞன் தலையில் கை வைத்துவிட்டான்.

"ஓடி வந்த எஞ்சினை நல்ல தண்ணியிலை கழுவாமல் விடக்கூடாது தம்பி. உப்புப் பிடிச்சிடும்."

வள்ளத்து எஞ்சினுக்கு அது சரி. கரைக்கு வந்ததும் அதை நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவித்தான் எங்கள் ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள். வாழ்நாள் முழுக்கச் செய்ததைக் கை தானாகவே செய்துவிட்டது. கார் மட்டும் உயிர் விட்டுவிட்டது. திறப்பைத் திருப்பினால் ஒரு முனகலும் இல்லை.

இளைஞன் கத்தினான், தாய் கத்தினாள், நாய்கூட வெளியே வந்து குரைத்தது. நான், "இதை விட்டிட்டு வேறை பாப்பம் அண்ணை, செலவைக் குடுத்திட்டுப் போவம்" என்று காதுக்குள் சொன்னேன்.

"நான் வேறை பாக்கமாட்டன். உதுதான் எங்கடை கார்."

ஒரு கதிரையைக் கேட்டு வாங்கி, காருக்கு முன்னால் போட்டு இருந்தார். நங்கூரம் விழுந்துவிட்டது. விடிந்தால் வருவார், பொழுதுபட்டால் போவார். பொனட்டைத் திறந்து வெயில் காட்டினார். முகில் கறுத்தால் படங்கைப் போட்டு மூடினார். பழைய சாரத் துணியால் எஞ்சினின் இண்டு இடுக்கெல்லாம் ஒற்றினார். மின்சார வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்து ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துப் பூட்டுவித்தார். முதல் நாள் அவரைத் திட்டிய தாய், பிறகு அவருக்கும் சேர்த்து உலை வைத்தாள். ஒரு மத்தியானம் திறப்பைத் திருப்பினார்கள். கார் இருமியது, புகைத்தது, பிறகு நாய் மறுபடியும் கட்டிலுக்குக் கீழே ஓடியது.

"முங்கி எழும்பின எஞ்சின். இனி உது ஒண்டுக்கும் பயப்பிடாது" என்றார் நங்கூரத்தார்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்குச் சேவல் தேவைப்படவில்லை. விடியப்புறம் அந்தச் சிவப்புக் கார் உறுமிக்கொண்டு புறப்படும். அயலட்டை முழுவதும் எழும்பும். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அவரைச் சபிப்பேன். பேரனை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். "பாத்துக்கொள்ளுறம்" என்றார். காரணம் சொன்னால்தானே.

சில மாதங்களுக்குப் பிறகு அலுவலக வேலையாக நான் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போக நேர்ந்தது. வெயில் கொளுத்தியது. பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே, ஒரு நாவல் மர நிழலில், சிவப்புக் கார் நின்றது. பின்கதவு தாழ்வாரம் மாதிரித் தூக்கியிருந்தது. அதிலிருந்து நுளம்புவலை தொங்கியது. டிக்கிக்குள் சின்ன மெத்தை, மெத்தையில் பேரன். விளிம்பில் நங்கூரத்தார் இருந்தார். இரண்டு பாதமும் நிலத்தில் பதிந்திருந்தன. காலால் நிலத்தை மெல்ல உந்தினார், விட்டார், மறுபடி உந்தினார். கார் கொஞ்சமாக அசைந்தது. கரையில் கட்டிய வள்ளம் அசைவது போல. குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கியது.

நான் கிட்டப் போனேன்.

"பாத்தியே தம்பி" என்றார் தாழ்ந்த குரலில். "ஆடாத காரெண்டால் ஆட்டுறது என்ரை காலிலை. ஆடுற வானெண்டால் அது காத்தின்ரை கையிலை."

இடைவேளை மணி அடித்தது. ஜெசிந்தா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். நங்கூரத்தார் எழுந்து, வலையை இழுத்து விட்டு, மரத்துக்கு அப்பால் போய் முதுகைக் காட்டி நின்றார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். பின்னால் குழந்தை சப்புக்கொட்டிக் குடிக்கும் சத்தம் கேட்டது.

"ஏன் அண்ணை உதை அப்பவே சொல்லேல்லை? நான் எவ்வளவு பேசினனான் உங்களோடை?"

"சொன்னா எல்லாரும் ஏலாது எண்டிருப்பியள். ஏலாதெண்டதைக் கேட்டா பிள்ளை வேலையை விட்டிருப்பாள்."

நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டேன். கண் கலங்கியதை அவர் பார்த்திருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பார்.

போன தை மாதம் ஜெசிந்தாவுக்கு யாழ்ப்பாணத்துக்கே இடமாற்றம் கிடைத்தது. பேரன் இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறான். போகமாட்டேன் என்றால் வாசலில் குந்திவிடுகிறான். கார் வெயிலில் நிறம் மங்கி, செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. விற்கும் எண்ணம் உண்டா என்று யாரோ கேட்டதற்கு, நங்கூரத்தார் அவரோடு இரண்டு வாரம் கதைக்கவில்லை.

என் பழைய கார் கடைசியாகக் கராச்சிலேயே கண்ணை மூடிவிட்டது. புதிதாக ஒன்று தேடிப் போனேன். சாமான் கிடைக்குமா, எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கேட்க வேண்டியதெல்லாம் கேட்டேன். பிறகு என்னை அறியாமலே பின்னுக்குப் போய், கதவைத் தூக்கி, டிக்கி விளிம்பில் இருந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் கைக்குழந்தை யாரும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை. பாதம் இரண்டும் நிலத்தில் பட்டன. காலால் மெல்ல உந்தினேன். அந்த நேரம் நங்கூரத்தாரும் பக்கத்தில் இருந்திருக்கலாமே என்று இருந்தது.

கார்க்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அண்ணை, டிக்கிக்கை ஒருத்தரும் இருக்கிறேல்லை."

"எனக்குத் தெரியும்" என்றேன்.