அசையாத ஜிப்

"கத்தரிக்கோலைக் கீழ போடுங்க மச்சான்! இது கிளப்போட பொருள்!"

"அப்போ நாளைக்கு இதோடயே ஓடுடா!"

வெட்டுக்கிளி கத்திய கத்தலில் மாடிப்படி வரைக்கும் தலைகள் முளைத்துவிட்டன. ஓட்டக்காரன் என்பதால் தெரு அவனுக்கு வைத்த பெயர் அது. தேசிய அணிக்கான தேர்வு ஓட்டம் மறுநாள் காலை. அவனோ தொடை வரைக்கும் ஏறிய காற்றுக் காலுறைகளோடு சோபாவில் கிடந்தான். பயிற்சியில் இறுகிய தசைகளைக் காற்றடைத்து அமுக்கி அமுக்கித் தளர்த்தும் சாதனம். அந்தச் சுகத்தில் கண்ணயர்ந்தவன், விழித்ததும் கறுப்பு ஜிப்பை இழுத்தான். இரண்டு காலிலும் அசைந்தால்தானே!

"இன்னைக்கு ஒரு அடி ஓடக் கூடாது" என்று பயிற்சியாளர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். இவன் யார் பேச்சைக் கேட்டான்? போன தேர்வுக்கு முதல் நாளும் திருட்டுத்தனமாக ஓடிவிட்டு, மறுநாள் பாதி வழியில் கெண்டைக்கால் பிடித்து நொண்டி வந்தவன்தான். அன்று அம்மா அழுத அழுகை தெருவுக்கே தெரியும். இப்போதும் மைதானத்துக்கு நழுவத்தான் இத்தனை அவசரம்.

அக்கா எண்ணெய் ஊற்றினாள். நனைந்தது சோபாதான். மச்சான் குறடு போட்டு இழுத்தார். எண்ணெயில் வழுக்கி, ஜிப்பின் பிடி கையோடு வந்தது. மல்லாந்து விழுந்தவரின் முழங்கை பட்டு, சாதனம் முழு வேகத்தில் அமுக்க ஆரம்பித்தது.

"ஐயோ, நசுக்குதே!"

"அமுக்கத்தானே கொண்டு வந்தே? அனுபவி" என்றாள் அக்கா.

அம்மாதான் நிதானமாக எழுந்து சுவிட்சை அணைத்தாள். "பதறாத காரியம் சிதறாதுப்பா" என்று சொல்லிவிட்டு, துணி மடிக்க உட்கார்ந்துகொண்டாள்.

கடைசியில் கீழ்வீட்டுத் தையல்காரியைக் கூட்டி வந்தார்கள். குனிந்து ஜிப்பைப் பார்த்தாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இது நுணுக்கமான வேலை. சாயங்காலம் ஆயிடும். ஆடாம அசையாம படுத்திருக்கணும்."

"சாயங்காலமா? என் பிராக்டீஸ்?"

"அசைஞ்சா ஜிப்பு மொத்தமும் போயிடும். அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது."

செருப்பு மாட்டக்கூட நின்றறியாதவன் பொழுது சாயும்வரை படுத்தே கிடந்தான். அவளும் ஊர்க்கதை எல்லாம் பேசிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். இருட்டும் நேரத்தில் ஏதோ செய்தாள். கண்மூடித் திறப்பதற்குள் ஜிப் விட்டுக்கொடுத்தது.

மறுநாள் வெட்டுக்கிளி முதலாவதாக வந்து அணியில் இடம்பிடித்தான். "எல்லாம் காற்றுக் காலுறை மகிமை!" என்று வழியில் போகிறவரை எல்லாம் நிறுத்திச் சொன்னான். அம்மாவும் ஆமாம் போட்டாள்.

கொஞ்ச நாளில் அக்காவும் மச்சானும் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். எண்ணெய் சோபாவை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். வெட்டுக்கிளி தையல்காரியையே கட்டிக்கொண்டான். கல்யாணப் பந்தியில் அவள் அப்பா அவன் காதோரம் குனிந்தார்.

"மாப்பிள்ளை, கேட்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. அன்னைக்கு நீங்க காலுறையோட தூங்கினப்போ எங்கிட்ட ஊசியும் கறுப்பு நூலும் வாங்கிட்டுப் போன உங்கம்மா, ஊசியை இன்னும் திருப்பித் தரலையே!"