முப்பத்தாறு அடிச் சாய்தளம்

"சாய்தளம் இல்லாம இந்தப் பிள்ளையைச் சேத்தா என் வேலைக்கு உலை வச்சிருவாக, கொத்தனாரே" என்றார் பெரிய டீச்சர் துர்காதேவி.

நாச்சியாபுரம் தாண்டிச் சின்ன ஊர். ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். வாசலில் மூன்றடி உயரத்துக்கு ஆறு படி. கீழே கொத்தனார் செம்மலை நின்றான். இடுப்பில் மகள் விசாலி. எட்டு வயது. கால் நடக்காது, பேச்சு மெதுவாக வரும். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்ல, இவளும் இரண்டு சொல் பிந்தி இங்கிருந்தே சொன்னாள்.

"எல்லாப் பிள்ளைக்கும் இடம் உண்டுன்னு சுவத்துல எழுதியிருக்கீகளே."

"எழுதச் சொன்னாக, எழுதினோம். இடம் இருக்கு. ஏற வழிதான் இல்லை. வழி வரட்டும், மறுநாளே பேரை எழுதிக்கிறேன்."

மனுக் கொடுத்தால் அது மேசை மேசையாக நகர்ந்து முடிவதற்குள் விசாலிக்குக் கல்யாண வயது வந்துவிடும். செம்மலைக்கு அது தெரியும். ஞாயிற்றுக்கிழமை மீந்த செங்கல், சிமெண்டோடு வந்தான். இருட்டுவதற்குள் பத்தடிக்கு ஒரு சாய்தளம் போட்டுவிட்டான்.

திங்கட்கிழமை அதில் முதலில் ஏறியவை பெத்தனின் ஆடுகள். கணக்கு நோட்டு நாலைத் தின்றுவிட்டுத்தான் இறங்கின. நோட்டைப் பறிகொடுத்த பிள்ளைகளின் வீட்டார் பெத்தனோடு மல்லுக்கு நின்றார்கள். அவன் முறுக்கிக்கொண்டு தன் பிள்ளைகள் இரண்டையும் காரைக்குடியிலிருந்து வேன் அனுப்பும் தனியார் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டான்.

புதன்கிழமை யூனியன் ஆபீஸ் எஞ்சினியர் டேப்போடு வந்தார்.

"யோவ், ஒரு அடி ஏறப் பன்னெண்டு அடி நீளம் வேணும்யா. மூணுக்கு முப்பத்தாறு. இது சாய்தளமில்லை, சறுக்குமரம்."

"முப்பத்தாறு போட்டா டவுன் பஸ் நிக்கிற எடத்துல போய் முடியும் சார்."

"மடக்கிக் கட்டு. மொதல்ல இதை இடி."

மடக்கிக் கட்டப் படிகளையும் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தான். எடுத்து முடித்த அன்று அவரே திரும்பி வந்தார்.

"சர்க்கார் படியை இடிக்க எவன் உத்தரவு குடுத்தான்? வேலையை நிறுத்து!"

விசாலியால் மட்டும் ஏற முடியாத பள்ளிக்கூடத்தில் இப்போது ஊர்ப் பிள்ளை ஒன்றாலும் ஏற முடியவில்லை. சர்க்கார் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக நடத்தியது அந்தச் சில நாள்தான்.

பலகை ஒன்றைச் சாய்த்து வைத்தார்கள். அதில் ஒரு பிள்ளை வழுக்கிக் கையை ஒடித்துக்கொண்டது. இன்னும் மூன்று வீட்டுப் பிள்ளைகள் வேனில் ஏறின.

"ஒத்தப் பிள்ளைக்கு வழி பண்ணப் போயி ஊர்ப் பிள்ளைய வெரட்டிட்டு வந்திருக்கீக" என்றாள் அவன் பெண்டாட்டி மீனலோசனி. "இனி அவுக முகத்துல எப்படி முழிக்க?"

மறுநாளே செம்மலை மாவட்ட ஆபீசில் உத்தரவு வாங்கக் கிளம்பினான். சிவகங்கைக்கு ஏழு நடை நடந்தான். எட்டாவது நடையில் ஒரு முத்திரை விழுந்தது. கோடை விடுமுறை முழுக்க வேறு வேலைக்குப் போகாமல் கட்டினான். மூன்று மடக்கு, முப்பத்தாறு அடி, இரண்டு பக்கமும் கைப்பிடி. ஓரமாகப் புதுப் படி. எஞ்சினியர் அளந்து பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. அதுவே பெரிய விஷயம்.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கும் நாள். விசாலிக்குப் புதுச் சீருடை, இரட்டைச் சடை, புதிதாக வாங்கிய சக்கர நாற்காலி. செம்மலை அதைத் தொடவில்லை. அவளே உருட்டினாள். ஒரு மடக்கு, இரண்டு மடக்கு. மூன்றாவதில் மூச்சு வாங்கிச் சிரித்தாள்.

"வந்... துட்டேன்ப்பா."

கதவில் பூட்டுத் தொங்கியது.

சத்துணவுச் சமையல்காரி மலையம்மாள் பின்பக்கமிருந்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இங்க என்ன பண்றீக கொத்தனாரே? நேத்துச் சாயங்காலம் பள்ளிக்கூடத்தை மூடிட்டாகளே, தெரியாதா?"

"மூடிட்டாகளா? ஏன்?"

"பதினஞ்சு பிள்ளை இருந்தாத்தான் நடத்துவாகளாம், பதினாலுதான் தேறுச்சு. பாவம், பெரிய டீச்சரு அந்த ஒத்தப் பேருக்காக வீடு வீடா அலைஞ்சாக; கடைசில, ஊருக்குள்ள சேக்காத பிள்ளை ஒண்ணுகூட இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டாக."