லிஃப்ட் ஓடியதால் நின்றுபோன ஆராய்ச்சி

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி பணிவுடன் எழுதுவது. இங்கே நான் நலம், உன் பெண் நலம், லிஃப்டும் நலம். அதுதான் இப்போது பிரச்சினை.

இவள் என்னதான் படிக்கிறாள், முடிப்பாளா, இல்லை நான் வந்து கையோடு அழைத்துப் போகவா என்று கேட்டிருந்தாய். சமூக உளவியலில் டாக்டர் பட்டம் என்றதும், ஊருக்கே பைத்தியம் பிடித்தால் தெளியவைக்கும் படிப்பு என்றுதான் நானும் நினைத்தேன். "அதில்ல மாமா, ஒருத்தர் மனசு சரியில்லன்னா அவரை மட்டும் பாத்தா போதாது, அக்கம்பக்கம் எப்படி இருக்குன்னும் பாக்கணும்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் எதிர்வீட்டுக்காரர் யாரென்றே எனக்குத் தெரியாதே!

அப்போது எங்கள் கட்டிடத்து லிஃப்ட் படுத்திருந்தது. ஜனங்கள் படியில் மூச்சுவாங்க நிற்பார்கள், நின்ற இடத்தில் பேசுவார்கள், நாலாம் மாடியம்மாவின் பையை ஆளுக்கொரு மாடியாகச் சுமந்து வீடுவரை சேர்ப்பார்கள். உன் பெண் அதையே ஆராய்ச்சியாக்கி, படித்திருப்பத்தில் ஸ்டூல் போட்டு, ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்கிப் பேச்சுக் கொடுத்தாள். "இன்னும் சிலரிடம் பேசிவிடு, ஒப்புதல் தருகிறேன்" என்றாராம் பேராசிரியை. ஆர்வம் தாங்காமல் நானும் பக்கத்தில் நின்று காது கொடுத்தேன். எதிர்வீட்டுக்காரர் பல் டாக்டராம், அக்கா! இத்தனை வருஷம் பல்வலிக்கு நான் பஸ் ஏறிப் போயிருக்கிறேன்.

ஆனால் ஆயுள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன், செத்த லிஃப்டுக்குப் பக்கத்தில் எத்தனை நாள்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்? நாலாம் மாடியம்மா வேறு, "இந்தப் படி என் உயிரை வாங்குது" என்று தினமும் புலம்பினார். உன் பெண் வெளியே போன நேரம் பார்த்துச் சரிசெய்துவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் படியில் ஈ காக்கை இல்லை. இவள் ஸ்டூலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கதவைத் தட்டினால் "அப்புறம் வாம்மா" என்கிறார்கள். "லிஃப்டுக்குள்ளயே நின்னு கேளேன்" என்றேன். "நாலு மாடி போறதுக்குள்ள என்ன மாமா கேக்கறது?" என்றாள். திட்டவில்லை, திட்டியிருந்தாலாவது தேவலை. பாதியில் நின்றால் வேறு தலைப்பு, முதலிலிருந்து தொடங்கவேண்டுமாம். பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். ஆகவே நீ சொன்னபடி வந்து அழைத்துப் போ.

அத்தானுக்கு என் வணக்கம். உன் ஆசியோ வசவோ, எது வந்தாலும் தலைகுனிந்து ஏற்கும்,
தம்பி

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பினால் லிஃப்ட் நின்றிருக்கிறது. ஃபியூஸ் கட்டையைக் காணோம்! ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு ஏறினேன். நாலாம் மாடியம்மா முழங்காலைப் பிடித்தபடி, "எங்கிட்டதான் பத்திரமா இருக்கு. லிஃப்ட் ஓட ஆரம்பிச்சதுலேருந்து என் வீட்டுக்கு ஒரு ஈ வரல. பொண்ணு எழுதி முடிக்கட்டும், தரேன்" என்றார். "அதை எப்படிம்மா கழட்டினீங்க?" என்றேன். "நான் எங்க கழட்டினேன்? உங்க எதிர்வீட்டு டாக்டர்தான் வலிக்காம பிடுங்கிக் குடுத்தார்." கீழே ஸ்டூலைச் சுற்றி ஒரே கூட்டம். அக்கா, நீ வராதே.