மூன்று காம்புள்ள அலைப்பலகை

ஒரு குடும்பம் முன்னேற வேண்டுமானால் அதற்கு ஒரு கறவை மாடு வேண்டும் என்பது அரசின் கொள்கை. என் அம்மா முத்துத்தாயின் கொள்கையும் அதுவே. இரு தரப்பும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்தும் மாடு மட்டும் வந்து சேரவில்லை.

பரளச்சிக்குக் கிழக்கே, பஸ்ஸு வந்து திரும்பிப் போகிற ஊர் எங்களுடையது. கரிசல் காடு. மழை பெய்தால் மல்லி போடுவோம், பெய்யாவிட்டால் மனுப் போடுவோம். எங்கள் தெருவில் எல்லார் வீட்டு மனுவும் மாட்டுக்குத்தான். அதில் அம்மாவின் மனுதான் மூத்தது. ஒன்றிய ஆபீஸு வாசல் வேப்பமரம் அவளைக் கண்டால் நிழலைக் கொஞ்சம் தள்ளிப் போடும், அந்த அளவுக்குப் பழக்கம்.

அந்த வருஷம்தான் அருப்புக்கோட்டைக்குக் கேபிள் டிவி வந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில் ஒரு வெளிநாட்டுச் சானல். அதில் ஒரு வெள்ளைக்காரன் பலகை மேல் ஏறி நின்று, வீடு உயர அலையில் வழுக்கிக்கொண்டே போனான். டீ ஆறியது, நான் ஆறவில்லை. பஜாருக்குப் போய் அதே படம் போட்ட பனியன் வாங்கினேன். நானும் கூட்டாளி பூமிநாதனும் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்வதாக ஒப்பந்தம். வெள்ளைக்காரன் தலைமுடி உப்புக் காற்றில் காய்ந்து செம்பட்டையாக இருந்தது. நான் சோடா உப்பைக் கரைத்துத் தேய்த்துப் பார்த்தேன். முடி கொட்டியதே தவிர நிறம் மாறவில்லை. கடலை நான் பார்த்ததில்லை, நீச்சலும் தெரியாது. சட்டைப் பையில் பேனா குத்தியிருக்கிறவர்கள் எல்லாம் எழுதவா செய்கிறார்கள்?

பங்குனி மாதம் அம்மாவோடு நானும் ஒன்றிய ஆபீஸுக்குப் போனேன். விரிவாக்க அலுவலர் தங்கசாமி சார் முகத்தில் அன்றைக்கு ஒரு அவசரம். கணக்கு முடிகிற மாதம் அல்லவா? அவர் மூக்கால் பேசுவார். அந்தக் குரலை நான் ஊரில் பேசிக் காட்டினால் ஆடு கூட எழுந்து நிற்கும்.

"இந்தாம்மா, இந்த வருஷம் மாடு இல்லை. மேலிடத்துலருந்து வேற ஒன்னு ஒதுக்கீடு ஆகியிருக்கு. அலைச்சறுக்குப் பலகை. கிராமப்புற இளைஞர் மேம்பாட்டுக்கு."

"அது என்னங்கய்யா செய்யும்?"

"கடல்ல மெதக்கும். மேல ஆளு நிக்கலாம்."

"நம்ம பக்கம் கடல் இல்லையேய்யா."

"அதனாலதாம்மா குடுக்கிறோம். கடல் விஷயத்துல நம்ம மாவட்டம் ரொம்பப் பின்தங்கியிருக்கு."

அம்மா யோசித்தாள். நான் யோசிக்கவில்லை. "சார், நான் எடுத்துக்கிடுறேன்" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். "இதை எடுத்துக்கிட்டா அடுத்த வருஷம் மாட்டுக்கு முன்னுரிமை" என்று தங்கசாமி சார் சொன்னதும் கிள்ளிய கை தானாக விட்டது.

ஆனால் ஒரு நிர்வாகச் சிக்கல் இருந்தது. மேலிடத்திலிருந்து பலகை வந்திருந்தது, அதை வழங்கும் விதி வரவில்லை. விதி இல்லாமல் ஒரு பொருளைக் கொடுப்பது குற்றம். கொடுக்காமல் வைத்திருப்பது அதைவிடக் குற்றம். ஆகவே கைவசம் இருந்த விதியை எடுத்தார்கள். அது கறவை மாடு வழங்கும் விதி. 'மாடு' என்று வந்த இடத்திலெல்லாம் 'பலகை' என்று டைப் அடித்தார்கள். அதன்படி, பலகையைக் கமிட்டி கூடித் தேர்வு செய்ய வேண்டும். கால்நடை டாக்டர் சோதித்துச் சான்று தர வேண்டும். காதில் நம்பர் தகடு மாட்ட வேண்டும். பலகை செத்துப்போனால், தகட்டோடு காதை அறுத்துக்கொண்டு வந்து காட்டினால் காப்பீட்டில் இழப்பீடு உண்டு.

தேர்வு நாளில் உரக் குடோனைத் திறந்தார்கள். மூட்டைகளுக்கு நடுவே இரண்டு பலகைகள். ஒன்று நீலக் கலரில் நீளமாக, அகலமாக, தடியாக, ரைஸ் மில் கதவு மாதிரி இருந்தது. மற்றது என் உயரமே இருக்கும், மெலிசு, முனை கூர்மை, மேலே தீப்பிடித்து எரிகிற படம். என் பனியனில் இருந்த அதே பலகை.

கூடவே ஒரு சின்னப் புத்தகம். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தேன். புதிதாகப் பழகுகிறவன் நீளமானது, அகலமானது, தடியானதைத்தான் எடுக்க வேண்டும், அதுதான் ஆடாமல் நிற்கும், குட்டையும் கூர்மையுமானது பல வருஷம் பழகியவனுக்கு, புதியவன் ஏறினால் கவிழ்த்துவிடும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. புத்தகத்தை மூடி மூட்டைக்கு அடியில் சொருகினேன். கதவு மேல் நின்று போகிறவனை எந்தப் பெண் திரும்பிப் பார்ப்பாள்?

கால்நடை டாக்டர் ரத்தினம் வந்தார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் "ஆக" போட்டுப் பேசுகிறவர். நீலப் பலகையைப் புரட்டிப் போட்டார். தண்ணீரைக் கிழிப்பதற்காக அடியில் மீன் துடுப்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"ஆக, காம்பு ஒன்னுதான் இருக்கு."

"அது காம்பு இல்லை சார்..." என்று ஆரம்பித்தேன்.

"தம்பி, அடியில இருக்கு, தொங்குது. ஆக, வேற என்ன? ஒத்தைக் காம்பு மாட்டை எந்தக் கமிட்டியாவது எடுக்குமா? நிராகரிக்கப்படுகிறது."

தீப் பலகையைப் புரட்டினார். அதில் மூன்று.

"ஆக, நாலு இருக்கணும். ஒன்னு அடைச்சிருக்கு. பரவாயில்லை, ஏத்துக்கலாம்."

நிபுணர்கள் அத்தனை பேரும் சேர்ந்து என் ஆசைக்கே வந்து நின்றதும் எனக்குப் படிப்பு மேலும் அரசு மேலும் பெரிய மரியாதை உண்டாயிற்று.

அம்மா மட்டும் பலகையை விட்டபாடில்லை. சந்தையில் மாடு பிடிக்கப் போனால் சுற்றிச் சுற்றி வருவாளே, அப்படி வந்தாள்.

"இதுக்கு மொகம் எந்தப் பக்கம் சாரு?"

"கூரா இருக்கு பாருங்கம்மா, அதுதான்."

"சுழி ஒன்னும் கெட்ட எடத்துல இல்ல. ஆனா கயித்தை வாலுல கட்டியிருக்கீக. மூக்கணாங்கயிறு கெடையாதா?"

தங்கசாமி சார் விளக்கினார். "அந்தக் கயித்தோட மறுமுனையை உங்க மகன் கால்ல கட்டிக்கிடணும். அப்பத்தான் பலகை ஓடிப்போகாது."

அம்மா என்னைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். "எல்லா ஊர்லயும் மனுசன் மாட்டைக் கட்டுவான். நம்ம வீட்ல மாடு மனுசனைக் கட்டுது. சரி, இவனுக்கு அது தேவைதான்."

காதைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. காது இல்லையென்றால் தகடு இல்லை, தகடு இல்லையென்றால் பலகை இல்லை. டாக்டர் ரொம்ப யோசித்து, முகத்துக்கு இடது பக்கம் காது இருந்திருக்கக்கூடிய இடம் என்று ஒன்றைத் தீர்மானித்தார். அங்கே ஓட்டை போட்டுத் தகட்டை மாட்டினார்கள். 'தொற்று நோய் இல்லை. சாதுவானது. தற்போது சினை இல்லை' என்று சான்று கிடைத்தது.

பலகையை பஸ்ஸு மேலே ஏற்றி வந்து எங்கள் ஊர்க் கம்மாயில் இறக்கினோம். கம்மாயில் தண்ணீர் தவிர எல்லாம் இருந்தது. முக்கியமாக வேலிக்கருவை. பூமிநாதன் வேறொரு கயிற்றால் பலகையை அவன் சித்தப்பாவின் டிராக்டரில் கட்டினான். நான் பனியன் போட்டு, வால் கயிற்றைக் காலில் கட்டி, பலகை மேல் ஏறி, டிவிக்காரன் மாதிரியே முழங்காலை மடக்கிக் கையை விரித்தேன்.

"ஏலே, ரெடியா?"

"போலாம்."

போனது. பலகை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். காலில் கயிறு கட்டியிருந்த காரணத்தால் பலகை என்னை விட்டுவிடவில்லை, கருவைப் புதருக்குள் கூடவே இழுத்துக்கொண்டு போனது. அன்று முழுக்க அம்மா ஊசியால் எனக்கு முள் எடுத்தாள். ஒவ்வொரு முள்ளுக்கும் "மூணு காம்பு, மூணு காம்பு" என்றாள். மறுநாளிலிருந்து பலகை மேல் சுண்டவத்தல் காய்ந்தது.

மறு பங்குனி வந்தது. அம்மா மாட்டுக்கான முன்னுரிமையைக் கேட்கப் போனாள். தங்கசாமி சார் மூக்கால் சிரித்தார்.

"உங்க வீட்ல ஏற்கனவே ஒன்னு இருக்கேம்மா. அது உசிரோட இருக்கும்போது இன்னொன்னு தர விதியில்லை."

"எப்பய்யா தருவீக?"

"அது காலமானாத்தான்."

அம்மா வீட்டுக்கு வந்தாள். பலகை மேல் இருந்த வத்தலை வழித்துக் கொட்டாங்கச்சியில் போட்டாள். வேலிக்கருவை அறுக்கிற ரம்பத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். "ஏலே, நீ கொண்டாந்த மாடு. நீயே முடி."

எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. படிப்பு, விளையாட்டு, வேலை எதிலும் உருப்படாத எனக்கு, ஒரு சாவை நடத்திவைப்பது சரியான பொறுப்பாகப் பட்டது. நானும் பூமிநாதனும் தகட்டோடு காதை அறுத்தோம். தெருவைக் கூட்டிச் சாட்சிகளைத் தயார் செய்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உயிரோடு இருக்கும்போது 'சொட்டுப் பால் வராது' என்று வசவு வாங்கின மாடு, செத்துப்போய், ஆபீஸர் விசாரணைக்கு வந்துவிட்டால் வேளைக்கு ஒரு குடம் கறந்ததாக ஆகிவிடும். அதை மனதில் வைத்து ஆளுக்கொரு வசனம் எழுதினேன். எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவரவர் குரலிலேயே பேசியும் காட்டினேன். முத்துத்தாய்க்கு மாடு வந்தால் நாளை நமக்கும் வரும் என்று தெருவே மும்முரமாகப் பாடம் செய்தது.

விசாரணைக்குத் தங்கசாமி சாரும் டாக்டரும் ஜீப்பில் வந்தார்கள். டாக்டர் அறுபட்ட இடத்தைக் குனிந்து பார்த்தார். பலகைக்குள்ளே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருந்தது.

"ஆக, உள்ளே முழுக்க நுரை. நுரை தள்ளித்தான் போயிருக்கு."

எதிர்வீட்டுச் சுப்பம்மாள் அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்தாள். "தங்கமான பலகைய்யா. ஒரு பச்சப்பிள்ளைய முட்டினதில்ல."

"நல்லா உழைக்குமா?" என்று கேட்டார் தங்கசாமி சார்.

"உழைப்பா?" என்றான் பூமிநாதன். "தெனம் கம்மாயில ஓடும் சார்."

"கம்மாயிலதான் தண்ணி இல்லையே?"

இந்தக் கேள்வி நான் எழுதிய வசனத்தில் இல்லை. பூமிநாதன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

"தண்ணி இல்லாமலே ஓடும் சார்" என்றான். "அதுதான் அதோட கொணமே."

தங்கசாமி சார் பேனாவை எடுத்தார். "என்ன தீவனம் போடுவீங்க?"

"ஒன்னும் திங்காதுய்யா" என்றாள் அம்மா. அவள் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான். "வைக்கோல் கெடையாது, புண்ணாக்கு கெடையாது. கஞ்சித்தண்ணி கூடக் கேக்காது."

அப்புறம் தெரு அடங்கவில்லை. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் மிஞ்சினார். அந்தப் பலகை வந்த பிறகுதான் எங்கள் ஊர் இளைஞர்கள் சீட்டாடுவதை விட்டார்கள் என்று சீட்டுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவர் சாட்சி சொன்னார். தங்கசாமி சார் கண்ணைத் துடைத்தபடி எழுதிக்கொண்டார். நான் கதவு மறைவில் நின்று, இப்படி ஒரு நாடகத்தை நடத்திக் காட்டிய என் மூளையை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

சித்திரை பிறந்ததும் ஜீப்பு வந்தது. பின்னாலேயே ஒரு லாரி. அம்மா மஞ்சள் தண்ணீர், கயிறு, கழுத்து மணி எல்லாம் தயாராக வைத்திருந்தாள். லாரித் தார்ப்பாயை அவிழ்த்தார்கள். உள்ளே பலகைகள் அடுக்கடுக்காக இருந்தன.

தங்கசாமி சார் ஜீப்பு மேல் ஏறி நின்றார்.

"உங்கள் வாக்குமூலம் மேலிடத்தின் பார்வைக்குச் சென்றது. தண்ணீர் கேட்காது, தீவனம் கேட்காது, தினமும் உழைக்கும். இதுவே வறட்சி தாங்கும் ரகம் எனக் கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே இவ்வூரின் மாட்டு மனுக்கள் அனைத்தும் பலகை மனுக்களாகக் கருதப்பட்டு, அனைவருக்கும் ஒரே நாளில் பலகைகள் வழங்கப்படுகின்றன."

"மாடு?" என்றாள் அம்மா.

"உங்க பங்கு மாட்டையெல்லாம் கடலோரக் கிராமங்களுக்கு மாத்தியாச்சும்மா. அங்கதான் தண்ணி நெறைய இருக்கு."

"அங்க உள்ளவுக மாடு கேட்டாகளாய்யா?"

"அவுக பலகைதான் கேட்டாக."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பேச வேண்டுமென்றால் அன்று சொன்னதெல்லாம் பொய் என்று சொல்ல வேண்டும். ஊர் மொத்தமும் தலையை மட்டும் மெதுவாக என் பக்கம் திருப்பியது.

தங்கசாமி சார் இன்னும் முடிக்கவில்லை. அடுத்த வாரம் மேலிடத்து அதிகாரிகள் செயல்விளக்கம் பார்க்க வருகிறார்கள். தண்ணீர் இல்லாமல் பலகையைச் சிறப்பாக ஓட்டிக் காட்டும் பயனாளிக்குப் பரிசு உண்டு.

"என்ன பரிசுய்யா?" என்று கேட்டாள் சுப்பம்மாள் அத்தை.

"ஒரு கறவை மாடு."

அன்று சாயங்காலம் ஊரே பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு கம்மாய்க்குள் இறங்கியது. வெடித்துக் கிடந்த கரிசலில் வரிசையாகப் பலகைகளைப் போட்டார்கள். பல்லுப்போன பெரியவர்களிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை ஏறி நின்றார்கள். அனுபவசாலி என்று என்னை நடுவில் நிறுத்தினார்கள். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக நின்றாள். முழங்காலை மடக்கினாள், கையை விரித்தாள். டிவிக்காரனைவிட அவளுக்குத்தான் நன்றாக வந்தது.

"ஏலே, நின்னுட்டேன். இனி எப்படா ஓடும்?"

எனக்குத் தெரிந்தது புத்தகத்தில் படித்த மிச்சம் ஒன்றுதான்.

"அலை வரணும்மா" என்றேன்.

அம்மா கையை விரித்தபடியே கழுத்தைத் திருப்பிக் கிழக்கே பார்த்தாள். ஊர் மொத்தமும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.