மயங்கி விழ ஒருவர் வருவார்

"ஐயா! ஐயா! நான் பேசுறது கேக்குதா?"

கடைசி வரிசை நாற்காலியில் வாயைப் பிளந்து சாய்ந்திருந்தவரின் தோள்களைப் பிடித்து லில்லி உலுக்கினாள். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடிதான் உலுக்கினாள். என்ன, கொஞ்சம் பலமாக உலுக்கிவிட்டாள். பெரியவரின் பல்செட் கழன்று மடியில் விழுந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். பல்லைத் தேடி எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்ட பிறகுதான் அவரால் முழுதாகத் திட்ட முடிந்தது.

"இன்னாமா இது? தூங்குற மனுஷன இப்படிப் போட்டு ஆட்டுறே?"

"மயங்கிட்டீங்களோன்னு பாத்தேங்க."

"காலைல வந்து குந்தினேன். டாக்டரு இன்னும் வர்ல. தூங்காம டான்ஸா ஆடச் சொல்றே?"

சுற்றி இருந்த நோயாளிகள் வியாதியை மறந்து சிரித்தார்கள். லில்லி சிரிக்கவில்லை. அடுத்த வரிசையில் யாராவது சாய்ந்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே நகர்ந்தாள்.

எல்லாவற்றுக்கும் காரணம், அன்று காலை மேலாளர் தினகரன் நடத்திய கூட்டம். செவிலிமேட்டுச் சாலையில் இருக்கும் அந்தத் தனியார் மருத்துவமனையில் செவிலியர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரையும் நிற்க வைத்து அவர் அறிவித்தார்.

"மெட்ராஸ்லேர்ந்து ஒரு எக்ஸாமினர் வராரு. எப்ப வருவாரு, எப்படி இருப்பாரு, எனக்கே தெரியாது. சாதாரண ஆள் மாதிரி வந்து, இந்த வாரத்துக்குள்ள எங்கயாவது மயங்கி விழுவாரு. யாரு மொதல்ல ஓடிப்போய் முறையா முதலுதவி ஆரம்பிக்கிறாங்கன்னு பாப்பாரு. நெஞ்சுல கை வெக்கப் போறப்ப எழுந்துடுவாரு. அதுவரைக்கும் வாயத் தொறக்க மாட்டாரு, அது அவங்க ரூல். நல்லா செய்யிற நர்ஸுக்கு ஐ.சி.யூ. இன்சார்ஜ் போஸ்ட்டு. அப்புறம், சத்யராஜ்!"

"சார்!" என்று விறைத்தார் வாட்ச்மேன்.

"நல்ல நாள்லயே நம்ம வாசல் குடிகாரங்களுக்கு மெத்தை மாதிரி. இந்த வாரம் ஒருத்தன் கூட அங்க கெடக்கக் கூடாது."

"நான் பாத்துக்கறேன் சார்!"

லில்லிக்கு ஐ.சி.யூ. என்ற மூன்று எழுத்துதான் காதில் நின்றது. அவள் அங்கே இருந்தவள்தான். போன வருடத் தேர்வில் நெஞ்சை அழுத்தும் பொம்மையின் முன்னால் மண்டியிட்டபோது கை நடுங்கி, அப்படியே உறைந்துபோய்விட்டாள். பொம்மை செத்துப்போனதாக அறிவித்தார்கள். மறுநாளே அவளை வெளிநோயாளிகள் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். ஒரு பொம்மையைக் காப்பாற்ற முடியாதவள் என்ற பேரை அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ஒரு வருடமாக வீட்டில் தலையணையை அழுத்தி அழுத்திப் பழகியதில், வீட்டில் நல்ல தலையணை என்று ஒன்றுகூட மிச்சமில்லை. இந்த முறை விடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

மறுநாள் காலை அவள் வந்தபோது வாட்ச்மேன் சத்யராஜ் ஈரக் கையோடு வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"காலைலயே ஒரு தண்ணி கேஸு சிஸ்டர். கெளப்பி உட்டேன்."

லில்லி தலையை ஆட்டிவிட்டு உள்ளே நடந்தாள். நடந்தவள் சட்டென்று நின்றாள். மருத்துவமனை முகப்பில் இருக்கும் சின்னப் பிள்ளையாருக்கு எதிரே, பட்டை பட்டையாக விபூதி பூசிய ஒருவர் குப்புற விழுந்து கிடந்தார்.

கும்பிடுகிறார் என்று எவருக்கும் தெரியும். லில்லிக்கும் தெரிந்தது. ஆனால் கும்பிடுகிறவர் எழுந்திருக்க வேண்டாமா? தேர்வாளர் ஏன் சாமி கும்பிடும் சாக்கில் விழக்கூடாது?

"ஐயா! கேக்குதாங்க?"

பதில் இல்லை. அவரைப் புரட்டிப் போட்டாள். மனிதர் மிரண்டுபோய் விழித்தார். மூச்சு இருந்தது. பேச்சு இல்லை.

"உங்க பேரு சொல்லுங்க."

அவர் கையைக் காட்டி வாயைக் காட்டி என்னவோ ஜாடை செய்தார். தேர்வாளர் என்றால் மயங்கியது போலக் கண்ணை மூடிக் கிடந்திருப்பார். இது பக்கவாதம்! லில்லி போட்ட சத்தத்தில் ஸ்ட்ரெச்சர் பறந்து வந்தது. அவர் காலை உதைத்தார். வலிப்பு என்று நினைத்து வாரைப் போட்டு இறுக்கினார்கள். டாக்டர் கண்ணில் டார்ச் அடித்தார். கையில் ஊசி ஏறியது. தலையை ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போகும்போது, கால் ஆபரேஷன் முடிந்து சக்கர நாற்காலியில் வந்துகொண்டிருந்த தையல்நாயகி என்ற அம்மாள் அலறினார்.

"ஐயோ, அது எங்க ஊட்டுக்காரரு! அவர ஏம்பா கட்டி வெச்சிருக்கீங்கோ?"

"பேச்சு வரலம்மா அவருக்கு."

"பேச மாட்டாருபா! மௌன விரதம்! நான் நடந்து ஊட்டுக்கு வர்ற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்னு புள்ளையாருக்கு வேண்டிக்கினு இருக்காரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்பதான் ஊட்டுல எனக்கே கொஞ்சம் நிம்மதி!"

பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரரான நமச்சிவாயம் வாரை அவிழ்த்ததும் ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கி, லில்லியை ஒரு பார்வை பார்த்தார். வாய் திறந்து திட்டியிருந்தால் கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

தப்பு எங்கே என்று லில்லி யோசித்தாள். விழுந்த பிறகு கேட்பதால்தானே குழப்பம்? விழுவதற்கு முன்பே கேட்டுவிட்டால்? மறுநாள் காலையிலிருந்து, வெளியூர்க்காரர் போலத் தெரிந்த எல்லோரிடமும் பணிவாக விசாரித்தாள்.

"சார், நீங்க இங்க மயங்கி விழறதா இருக்கீங்களா?"

கேட்டவர் அத்தனை பேருக்கும் முகம் வெளுத்தது. அந்த ஆஸ்பத்திரிக்குப் போனால் மயங்கி விழுவது நிச்சயம், முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்கிறார்கள் என்று மத்தியானத்துக்குள் பேச்சு பரவிவிட்டது. டோக்கன் வாங்கியவர்களில் பாதிப் பேர் நைசாகக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

தினகரன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சிஸ்டர், கைகூப்பிக் கேட்டுக்கறேன். இனிமே டாக்டர் சொல்லாம எவன் மேலயாவது கை வெச்சீங்க, அன்னியோட உங்க வேல முடிஞ்சிது."

"எக்ஸாமினர் விழுந்தா?"

"உழட்டும்! அவர வேற யாராவது தூக்குவாங்க!"

லில்லி அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேருந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுநாள் வழக்கம்போல் வேலைக்கு வந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. தேர்வாளர் வரவில்லை. மத்தியானம் சாப்பிடப் போன லில்லி முகப்பைக் கடந்தபோது நமச்சிவாயம் அதே பிள்ளையாருக்கு எதிரே குப்புற விழுந்து கிடந்தார். வருகிறவர்களும் போகிறவர்களும் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். லில்லியும் சுற்றிக்கொண்டுதான் நடந்தாள்.

நாலடி போனவள் திரும்பிப் பார்த்தாள். அன்று தலைக்கு மேலே கூப்பியிருந்த கைகளில் ஒன்று இப்போது உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. கற்பூரத் தட்டு கவிழ்ந்து கிடந்தது. கும்பிடுகிற மனிதன் தட்டைக் கவிழ்க்க மாட்டான்.

"சத்யராஜண்ணே! ஒரு கை குடுங்க!" என்று கத்தினாள். வாட்ச்மேன் நாற்காலி காலியாக இருந்தது. பயிற்சி மாணவி நதியாதான் ஓடிவந்தாள்.

"அக்கா, தொடாதீங்கக்கா. வேல போயிடும்."

"போனா போவட்டும்! புடி, திருப்பு!"

மூச்சு இல்லை. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். துடிப்பும் இல்லை.

"டாக்டரக் கூப்புடு! ஷாக் மெஷின எடுத்துக்கினு வரச் சொல்லு. ஓடுடி!"

லில்லி மண்டியிட்டாள். விபூதி பூசிய நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்தத் தொடங்கினாள். கை நடுங்குகிறதா என்று பார்க்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

சத்தம் கேட்டு வந்த தினகரன் தலையில் கை வைத்தார்.

"சிஸ்டர்! மறுபடியும் அவரையா?" என்றவர் சட்டென்று நிறுத்தினார். அதே ஆள், அதே இடம், அன்றைக்கும் வாயே திறக்கவில்லை; மௌன விரதம் என்றது வெறும் சாக்காகத்தான் இருக்கும். அவர் முகம் மலர்ந்தது.

"அடடே! எக்ஸாமினர் சார் இவருதானா! இன்னா நடிப்பு, இன்னா நடிப்பு!" செல்போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். "சார், போதும். நெஞ்சுல கை வெச்சாச்சு. எழுந்துக்கலாம் சார்."

"சார், இவரு செத்துக்கினு இருக்காரு!"

"ஆமாமா, டயலாக்கும் பிரமாதம். கன்டினியூ!"

லில்லிக்குக் கை ஓய்ந்துகொண்டு வந்தது. ஆள் மாறவில்லை என்றால் அழுத்தம் குறைந்துவிடும்.

"போன கீழ போட்டுட்டு மண்டி போடுங்க! நான் சொல்லும்போது மாறி அழுத்துங்க!"

"நானா? நான் நிர்வாகம்மா."

"மண்டி போடுய்யா!"

மேலாளர் மண்டி போட்டார். அந்த நெஞ்சில் கையை வைத்ததும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. உள்ளே எதுவுமே அசையவில்லை.

"சிஸ்டர்... இது... நெஜமா?"

"அழுத்துங்க!"

டாக்டரும் இயந்திரமும் வருகிறவரை இருவரும் மாறி மாறி அழுத்தினார்கள். ஒரு முறை ஷாக் கொடுத்தார்கள். லில்லி மறுபடி அழுத்தினாள். "துடிப்பு வந்துடுச்சு!" என்று டாக்டர் சொன்னபோது அவள் பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, "ஏசப்பா" என்று சத்தமாக அழுதுவிட்டாள். பிள்ளையார் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் ஐ.சி.யூ.வில் நமச்சிவாயம் கண் திறந்தார். லில்லியை வெகுநேரம் பார்த்தார். மெல்லக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு தன் கால்களைக் காட்டி ஜாடையில் எதையோ கேட்டார்.

"வாசல்ல உட்ட செருப்பு பத்திரமான்னு கேக்குறாருமா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் தையல்நாயகி. "செத்துப் பொழச்சும் வாயத் தொறக்குறாரா பாரு!"

தினகரன் லில்லியைத் தனியாக அழைத்தார். அவர் குரலில் பழைய அதிகாரம் இல்லை.

"சிஸ்டர், நீங்க இல்லன்னா அந்த மனுஷன் இல்ல. ஆனா ஐ.சி.யூ. போஸ்ட்டு எக்ஸாமினர் கையெழுத்து போட்டாத்தான். வாரம் முடிஞ்சிது, அவரு வரவே இல்லியே."

"வரட்டும் சார், எப்ப வேணா வரட்டும். நான் இங்கதான் இருப்பேன்," என்றாள் லில்லி.

அப்போது வாட்ச்மேன் சத்யராஜ் வியர்வையைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"மத்தியானம் எங்கய்யா போனே?" என்று சீறினார் தினகரன்.

"கோச்சிக்காதீங்க சார், நீங்க சொன்ன வேலையாத்தான் போனேன். இந்த வாரம் பூரா ஒருத்தரு டிப்டாப்பா வந்து வந்து நம்ம கேட்டாண்ட பொத்துனு உழறாரு. வாடையே வர்ல, ஒசந்த சரக்கு போல. நானும் தெனம் தண்ணி தெளிச்சி, சட்டப் பையில இருக்குற டிக்கெட்டப் பாத்து மெட்ராஸ் பஸ்ல ஏத்தி அனுப்பிக்கினு இருக்கேன். வாயே தொறக்காத மனுஷன், இன்னிக்கிதான் பஸ்ல குந்திக்கினு, 'நான் பரிச்ச வெக்க வந்தவன், பரிச்ச வெக்க வந்தவன்'னு ஒரே அழுகை சார்!"