கொத்தில்லா மேடமும் மனோகரின் இரண்டு பக்கமும்

பெங்களூரில் எல்லாம் தெரிந்தவர்களுக்கு என்றைக்குமே பஞ்சம் கிடையாது. இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் ஏதாவது ஒரு தர்ஷினி ஓட்டலில் நின்றபடி இட்லி சாப்பிட்டால், உங்கள் தட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பவர்களுக்கு உலகத்திலுள்ள அத்தனை கம்ப்யூட்டர் மொழிகளும் தெரிந்திருக்கும். ஆனால் ஒன்றுமே தெரியாதவராக இருக்கத் தெரிந்த ஒரே ஒருவரைத்தான் நான் அந்த ஊரில் பார்த்தேன். அவர்தான் கொத்தில்லா மேடம்.

கொத்தில்லா என்றால் கன்னடத்தில் தெரியாது என்று பொருள். பிழைக்க வரும் தமிழர்கள் முதலில் கற்றுக்கொள்வது அந்த வார்த்தையைத்தான். எங்களில் பலர் அதோடு நிறுத்தியும் விடுவோம். மேடம் அப்படியல்ல. பெங்களூர் காக்ஸ் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். கன்னடத்தில் சண்டையே போடுவார். பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவைப் பல வருடங்கள் கட்டி ஆண்டவர். இருந்தும் எதையாவது படிக்கக் கொடுத்தால், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எனக்குக் கொத்தில்லாப்பா. இதுல என்ன எழுதியிருக்கோ அதை மட்டும்தான் செய்வேன்" என்று உட்கார்ந்துவிடுவார்.

ஒருமுறை மின்கட்டண அலுவலகத்தில் 'இங்கே நிற்கவும்' என்று ஒரு பலகை இருந்ததாம். எதுவரை நிற்க வேண்டும் என்று அதில் இல்லை. மேடம் நின்றார். கவுண்டர் காலியானது, சாப்பாட்டு நேரம் வந்தது, மின்விசிறியை நிறுத்தினார்கள், இவர் நகரவில்லை. கடைசியில் அதிகாரியே எழுந்து வந்து என்னம்மா வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மேடம் பலகையைக் காட்டினார். மறுநாள் பலகையில் இன்னொரு வரி சேர்ந்திருந்தது.

அவர் வீட்டுக்கு வழி சொல்வதும் அப்படித்தான். இங்கே திரும்பு, அங்கே திரும்பு என்பதோடு விடமாட்டார். "வலது பக்கம் பச்சை கேட் போட்ட சர்ச் தெரிஞ்சா நீ சரியா வர்றேன்னு அர்த்தம். பேக்கரி வாசனை வந்தா தாண்டிட்டேன்னு அர்த்தம்" என்பார். காக்ஸ் டவுனின் அத்தனை குறுக்குத் தெருக்களையும் மீறி, அவர் வீட்டைத் தேடித் தொலைந்துபோனவர் என்று ஒருவரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

சனிக்கிழமை பிற்பகல்களில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் நாங்கள் கூடுவோம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்த்துத் திருத்தலாம் என்கிற வகை மென்பொருள்களை எழுதும் கூட்டம் அது. புரோகிராம் எழுதுவதற்கு நான் நீ என்று அடித்துக்கொள்வோம். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று நாலு வரி விளக்கம் எழுதச் சொன்னால் மட்டும் எல்லோர் வீட்டுக்கும் விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். அந்த அநாதை வேலையை ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டவர் மேடம். எங்கள் விளக்கங்களில் 'ஜஸ்ட்', 'சிம்ப்ளி' என்ற வார்த்தைகளைக் கண்டால் சிவப்புப் பேனா பாயும். "உனக்கு சிம்ப்ளி. படிக்கிறவன் மாட்டிக்கிட்டு முழிக்கும்போது இதைப் பார்த்தா, நமக்கு மூளை இல்லைன்னு நினைச்சுக்குவான்" என்பார்.

எங்களில் மனோகர் என்று ஒருவன் இருந்தான். ஆபீஸ் முடிந்து வீட்டுக்குப் போகாமல், கண் எரிய எரிய உட்கார்ந்து, ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைப் பதிவு செய்ய ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். நல்ல புரோகிராம். ஆனால் எங்கள் மாடியைத் தாண்டி ஓர் இடத்தில்கூட அது ஓடியதில்லை. எங்கேயாவது ஒரே ஓர் இடத்தில், முன்பின் தெரியாத ஒருவர் அதைப் பயன்படுத்திவிட வேண்டும் என்பது அவனுடைய ஏக்கம். கோலார் தங்கவயல் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரி கடைசியாகச் சம்மதித்தது. யாரோ தானமாகக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர் அவர்களிடம் இருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. பதிவு மேசையில் இருக்கும் பெண் விளக்கத்தைப் படித்துத் தானாகவே அதை நிறுவ வேண்டும். முடியவில்லை என்றால் பழையபடி கையால் எழுதும் அட்டைகளே போதும்.

மனோகர் இரண்டே பக்கத்தில் விளக்கம் எழுதி, பத்து நிமிடத்தில் பார்த்துக் கொடுங்கள் என்று மேடத்திடம் நீட்டினான். மேடம் மாடியில் இருந்த அவனுடைய கம்ப்யூட்டரின் முன்னாலேயே உட்கார்ந்தார். முதல் படி, செய்தார். இரண்டாவது படி, செய்தார். மூன்றாவது படி ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் அழிக்கும் கட்டளை. மனோகர் பாய்ந்து வருவதற்குள் எண்டரைத் தட்டிவிட்டார். பிறகு நிதானமாக நான்காவது படியை உரக்கப் படித்தார். மேற்கண்டதைச் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொள்வது அவசியம் என்று அதில் இருந்தது.

மனோகரின் புரோகிராம் வேறு இடத்தில் பத்திரமாக இருந்தது. போனது அவன் கல்லூரிக் காலத்திலிருந்து சேர்த்த பாட்டுகள்.

"இருபது வருஷமா இந்த ஃபீல்டுல இருக்கீங்க மேடம். அது அழிச்சிடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் மனோ. அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணுக்குத் தெரியாதே. இப்ப நான் அந்தப் பொண்ணு."

அவன் வருவதற்கு முன்பே, எதற்கும் இருக்கட்டும் என்று மேடம் அத்தனையையும் பக்கத்து கம்ப்யூட்டரில் பிரதி எடுத்து வைத்திருந்தார். அது எனக்கு மட்டும் தெரியும். அவன் டீ குடித்து முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அன்றைக்கு அவன் டீ குடித்த அழகை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும்.

பாட்டுகள் பத்திரம் என்று சொல்லிச் சிரிப்பு அடங்கியதும் மேடம் மீதிப் படிகளைச் செய்து முடித்தார். புரோகிராம் ஓடவில்லை. பக்கத்து கம்ப்யூட்டரில் ஓடியது, என்னுடையதில் ஓடியது, இதில் மட்டும் அசையவில்லை. வெகுநேரம் மண்டையைக் குடைந்தபின் விஷயம் பிடிபட்டது. அதற்குத் தேவையான சின்னத் துணைப் புரோகிராம் ஒன்றை நாங்கள் எல்லோரும் என்றோ போட்டு, போட்டதையே மறந்திருந்தோம். அதனால் யாருக்கும் எழுதத் தோன்றவில்லை. அழித்துத் துடைத்த அந்த ஒரு கம்ப்யூட்டர் மட்டும்தான் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரைப் போல வெறுமையாக இருந்தது. மனோகரின் முகம் வெளுத்துவிட்டது. அந்த இரண்டு பக்கம் அப்படியே போயிருந்தால் அவன் கதை அந்தப் பழைய அட்டைகளோடு முடிந்திருக்கும்.

அப்புறம் வாராவாரம் சண்டைதான். ஒவ்வொரு படிக்குக் கீழும், சரியாகச் செய்தால் திரையில் என்ன தெரியும், தவறினால் என்ன தெரியும் என்று எழுத வேண்டும் என்றார் மேடம். ஓர் இடத்தில் கம்ப்யூட்டர் அரைமணி நேரம் அசையாமல் நிற்கும். அங்கே, 'பயப்பட வேண்டாம், அணைக்க வேண்டாம், போய்க் காபி குடித்துவிட்டு வரவும்' என்று எழுதினார். டெக்னிக்கல் டாக்குமெண்டில் காபியா என்று மனோகர் குதித்தான். அதை எழுதாவிட்டால் அந்தப் பெண் பயந்து சுவிட்சை அணைத்துவிடுவாள், உன் மானத்தைவிட அவள் தைரியம் முக்கியம் என்று சொல்லிவிட்டார்.

குறுந்தகடும் விளக்கமும் தங்கவயலுக்குப் போயின. விளக்கத்தின் கடைசியில் மனோகரின் தொலைபேசி எண். அவன் போனைவிட்டு நகரவே இல்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று, மணி அடிக்கவில்லை. குப்பையில் போட்டிருப்பார்கள் என்று அவன் துவண்டுவிட்டான். வாரம் ஆக ஆக மேடத்தின் முகம் மட்டும் மலர்ந்துகொண்டே போனது. எங்களுக்கு அது கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

பொறுக்க முடியாமல் ஒரு சனிக்கிழமை மனோகரே எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். மேடமும் நானும் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றோம். பதிவு மேசைப் பெண்ணே எடுத்தாள். அவள் குரல் எங்களுக்கும் கேட்டது.

"அதுவா சார்? வந்த அன்னிக்கே போட்டாச்சே. தினம் அதுலதான் பேர் எழுதறோம். ஏன் சார், ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லம்மா. நீ ஏன் ஒரு போன்கூடப் பண்ணலை?"

"எதுக்கு சார் பண்ணணும்? அதான் எல்லாம் எழுதியிருந்துச்சே."

மனோகர் போனை வைத்துவிட்டு, பூத்துக்குள்ளேயே நின்று அழுதான். மேடம் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, வெளியே வா, அடுத்தவர் காத்திருக்கிறார் என்றார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

பெங்களூரை விட்டு வந்து வருடங்களாகிவிட்டன. இப்போதும் புதிதாக எதையாவது வாங்கி, கூட வரும் குறிப்பைப் படித்து, யாரையும் கூப்பிடாமலே வேலை முடிந்துவிட்டால், உடனே மேடத்தைக் கூப்பிட வேண்டும் போல இருக்கிறது.