உளுந்து வைக்காத அழைப்பு

பாபநாசம்,
பங்குனி, 1990.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் நாகநாதன் அவர்கள் சமூகத்திற்கு, துரைராசு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை பிரகதாம்பாளும் மாடு கன்றுகளும் சுகம். உளுந்து மட்டும் சுகமில்லை. மன்னார்குடியில் தங்கள் கோபம் எந்த மட்டில் இருக்கிறது என்று அறிய ஆவல்.

என் மகள் வள்ளியம்மை கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பியதற்கு, "தாய்மாமனுக்குத் தபால்காரனா அழைப்பு வைக்கிறது? நான் வரலை" என்று சொல்லியனுப்பிவிட்டீர்கள். மாமா இல்லாமல் மாலையைத் தொடமாட்டேன் என்று பெண் அழுகிறாள். உங்கள் தங்கை எனக்கு வெறும் ரசம்தான் ஊற்றுகிறாள். குத்தகைத் தகராறில் ஊர் இரண்டுபட்டு, தெருவுக்கு ஒரு கொடியாக நின்றபோதுகூட என் வீட்டில் கை நனைத்தவர் நீங்கள். நம் கட்சி மறுபடி ஆட்சிக்கு வந்த உற்சாகத்தில், ஐயர் இல்லாத கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது மட்டும் எதற்கு, அதுவும் மூடப்பழக்கம்தானே என்று நினைத்துவிட்டேன்.

என் புத்தியைத் திருத்தியது உளுந்துதான். வள்ளியம்மைக்கு வரப்போகிற மாப்பிள்ளை இராஜாங்கம் விவசாய ஆபீசர் அல்லவா, நெல் அறுப்புக்கு முன்னால் வயலில் தெளிக்கிற உளுந்துக்கு, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் ஒரு பாக்டீரியாப் பொட்டலம் கொடுத்தார். ஆறின கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தச் சொன்னார். அப்படியே செய்தேன். ஆனால் மாப்பிள்ளை கொடுத்த பொட்டலம் தோற்றால் ஊர் சிரிக்குமே என்று, அவருக்குத் தெரியாமல் யூரியாவையும் வாரி இறைத்தேன். செடி தளதளவென்று கொழுத்தது, காயைத்தான் தேட வேண்டியிருந்தது. நேற்று அவர் வந்து ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். பாக்டீரியா குடியிருக்க வேண்டிய முடிச்சு ஒன்றுகூட இல்லை. பொட்டலம் போலி என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"மாமா, வேர் மண்ணுல ஒரு பொருளைக் கசியவிடும். அதை மோப்பம் புடிச்சுத்தான் பாக்டீரியா வரும். வந்ததும் அது பதிலுக்கு ஒண்ணு கொடுக்கும், வேரு வளைஞ்சு உள்ள கூட்டிக்கும். நீங்க யூரியாவைக் கொட்டிட்டீங்க. தழைச்சத்துதான் கைநிறைய இருக்கேன்னு செடிக்குத் தெரிஞ்சுபோச்சு. அது ஏன் கூப்பிடப்போவுது?"

எனக்குச் சுருக்கென்றது. கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜீவன், வேருக்குப் பக்கத்திலேயே கிடந்தும், அழைக்காமல் உள்ளே வராதாம். நீங்களோ மன்னார்குடியில் இருக்கிறீர்கள், எப்படி வருவீர்கள்? ஆட்சி வந்த மிதப்பில் உறவு வேண்டாதவன் போல இருந்துவிட்டேன். நீங்கள் இல்லாமல் அந்தப் பந்தலில் நிற்க எனக்கே மனசு வராது, மச்சான். ஆகவே வியாழக்கிழமை தாம்பாளமும் வெற்றிலை பாக்குமாக நேரில் வருகிறேன். தயவுசெய்து வீட்டில் இருக்கவும்.

அக்காவுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
யூரியாவைத் தொடாதவனாகிவிட்ட
துரைராசு

பி.கு.: இதைத் தபால்பெட்டியில் போடப் புறப்பட்டபோது உங்கள் தங்கை வாங்கிப் படித்தாள். "கடுதாசியில கூப்பிட்டதுக்குத்தானே அண்ணன் கோவிச்சுக்கிட்டாரு. கூப்பிட வர்றேங்கிறதுக்கும் கடுதாசியா?" என்றாள். அதனால் தபாலில் போடவில்லை. உங்கள் மகனிடம் கொடுத்து உள்ளே அனுப்பியிருக்கிறேன். நாங்கள் இருவரும் வாசலில்தான் நிற்கிறோம், வெயில் அதிகம்.